மியாட்டாவிலிருந்து ஆக்டேவியாவுக்கு

வீட்டில் குழந்தை வந்தபின் ஸ்போர்ட்ஸ் காரை விட்டுக் குடும்பக் காருக்கு மாறுகிறீர்களா? மியாட்டா என்கிற மாஸ்டா எம்எக்ஸ்-5 இரண்டு பேருக்கான வண்டி. அதன் நான்காம் தலைமுறையின் டிக்கி சுமார் 130 லிட்டர். மடித்த குழந்தைத் தள்ளுவண்டி வைத்தால் அத்தோடு சரி. ஸ்கோடா ஆக்டேவியா எஸ்டேட்டின் (பின்பக்கம் நீண்ட, பெரிய டிக்கி உள்ள வகை) நான்காம் தலைமுறையில் அதுவே 640 லிட்டர்.

ஆனால் லிட்டர் கணக்கை மட்டும் நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள். ஓட்டிப் பார்க்கப் போகும்போதே குழந்தை இருக்கையைக் கையோடு கொண்டுபோங்கள். பின்னோக்கிய இருக்கையைக் காரின் பின் சீட்டில் ஐசோஃபிக்ஸில் (குழந்தை இருக்கையைப் பூட்டுவதற்கான கொக்கிகள்) மாட்டுங்கள். இரண்டு பக்கமும் 'டக்' என்று பூட்டி, பச்சை அடையாளம் தெரிய வேண்டும். பிறகு அதற்கு நேர் முன்னால் உள்ள சீட்டில் நெட்டையானவர் உட்கார்ந்து பார்க்கட்டும். முழங்கால் டேஷ்போர்டில் இடித்தால் அந்தக் கார் உங்களுக்கு ஆகாது. பின்னோக்கிய இருக்கையை முன்னால் வைப்பதானால் அந்தப் பக்க ஏர்பேக்கை அணைத்தே தீர வேண்டும். இதில் சமரசமே கூடாது.

கியர்பாக்ஸ் அடுத்தது. 1.5 டிஎஸ்ஐ (பெட்ரோல் இன்ஜின்) ஆட்டோமேட்டிக்கில் வருவது ஏழு கியர் டிஎஸ்ஜி, அதாவது இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ். இதன் கிளட்ச் எண்ணெயில் நனையாத உலர் வகை. நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து போனால் கிளட்ச் சூடேறும், கிளம்பும்போது உதறும். பழையது வாங்கினால் வண்டி நன்றாகச் சூடான பின் மேட்டில் மெல்ல ஏற்றிப் பாருங்கள். எண்ணெயில் நனைந்து ஓடும் ஆறு கியர் ஈரக் கிளட்ச் வகை என்றால் 60,000 கி.மீ.க்கு ஒருமுறை எண்ணெயும் ஃபில்டரும் மாற்றிய ரசீதைக் கேளுங்கள்.

மியாட்டாவின் ஸ்டியரிங் தரும் சுகம் இதில் கிடைக்காது. அதற்காக 19 அங்குல சக்கரம் போடாதீர்கள். பின்னால் தூங்கும் பிள்ளை ஒவ்வொரு பள்ளத்துக்கும் விழித்துக்கொள்ளும். 16 அல்லது 17 போதும்.