தொழுவத் தண்ணீரும் துருப்பிடித்த இரும்புச் சுருளும்

மேலூர் பக்கத்தில் மாமா வீட்டில் இரண்டு கறவை மாடுகள். தினமும் தொழுவம் கழுவிவிடும் தண்ணீர் வேலியோரமாக ஓடி ஊருணியில் விழும். நான் சின்னப் பையனாக இருந்தபோது அந்த ஊருணியில் இறங்கினால் கால்விரல் தெரியும். இப்போது கோடை வந்தால் பச்சைப் பெயிண்டைக் கொட்டியதுபோல் பாசி. சாணியிலும் கோமியத்திலும் இருக்கிற பாஸ்பேட்டும் அம்மோனியமும்தான் அதற்குத் தீனி. பெரிய செலவில்லாமல் பாஸ்பேட்டையாவது வழியிலேயே பிடித்து நிறுத்த முடியுமா என்று தை மாதத்திலிருந்து செய்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அளப்பதற்கு மீன் தொட்டிக்காக வாங்கிய பாஸ்பேட் கிட்தான். பாஸ்பேட் இருந்தால் தண்ணீர் நீலமாகும். லிட்டருக்கு 10 மில்லிகிராம் வரை காட்டும். தொழுவத் தண்ணீரோ அதைத் தாண்டும், கடுங்காபி நிறம் வேறு. அதனால் ஊசிக்குழலில் 1 மில்லி எடுத்து 19 மில்லி கேன் தண்ணீரில் கலந்து, வருகிற எண்ணை 20-ஆல் பெருக்குகிறேன். வண்டல் படிந்த பின் மேலே நின்ற தண்ணீரில் 40 வந்தது.

முதலில் சீமைக்கருவேலக் கரி. எங்கள் பக்கம் அதற்குப் பஞ்சமே இல்லை. இடித்து, அலசி, லிட்டருக்கு 10 கிராம் போட்டு ஒரு நாள் வைத்தேன். நிறம் வெளுத்தது, நாற்றமும் குறைந்தது. பாஸ்பேட் மட்டும் அதே 40. வெறும் கேன் தண்ணீரில் அதே கரியை ஊறவைத்து அளந்தால் 1 காட்டியது. கரியில் ஒட்டியிருக்கும் சாம்பலே பாஸ்பேட்டைக் கொடுக்கிறது. கரியின் மேற்பரப்பு பெரும்பாலும் எதிர்மின்னேற்றம், பாஸ்பேட்டும் அதே. ஒன்றையொன்று தள்ளத்தான் செய்யும்.

“நாத்தம் போயிருச்சுல்ல மாப்ள, அப்புறம் என்ன?” என்றார் மாமா. நாற்றம் போனதைப் பாசி பொருட்படுத்தாது மாமா என்றேன்.

மாசியில் முட்டை ஓடு. பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். வெறுமனே பொடித்துப் போட்டால் அசையவில்லை. தெரிந்தவர் செங்கல் சூளையில் ஒரு சட்டி நிறைய வைத்துச் சுட்டு வாங்கினேன். வெள்ளைவெளேரென்று சுண்ணாம்பாகவே வந்தது. தண்ணீர் தெளித்ததும் கொதித்துப் பொரிந்தது. அதைத் தொழுவத் தண்ணீரில் கலந்ததும் பாஸ்பேட் மொத்தமும் வெள்ளைக் கசடாக அடியில் இறங்கியது, கிட்டில் நீலமே இல்லை. ஆனால் வாளிமேல் குனிந்தால் கண் எரிந்து நீர் கொட்டியது. தண்ணீரின் காரத்தன்மை ஏறியதால் அம்மோனியம் அம்மோனியா வாயுவாகக் கிளம்புகிறது. மஞ்சள் தடவிய தாளை நனைத்தேன், ஆரத்தித் தண்ணீர் நிறத்தில் சிவந்தது. இந்தத் தண்ணீரை ஊருணியில் விட்டால் மீன் செத்து மிதக்கும். சுண்ணாம்பு யோசனையை அதோடு கைவிட்டேன்.

அப்புறம்தான் இரும்பு. இரும்புத் துருவின் மேற்பரப்பு பாஸ்பேட்டைப் பிடித்துக்கொள்ளும். மதுரையில் நண்பரின் லேத் பட்டறையிலிருந்து கடைசல் சுருள் ஒரு சாக்கு கிடைத்தது. எண்ணெய்ப் பிசுக்கு போகத் துணி சோப்புத்தூளில் அலசினேன். அது தப்பு. சுருள் அலசிய தண்ணீரிலேயே கிட் நீலம் காட்டியது. அந்தத் தூளிலேயே பாஸ்பேட் இருந்திருக்கிறது. மறுபடி வாஷிங் சோடாவில் அலசி, உப்புத் தண்ணீர் தெளித்து, மொட்டை மாடியில் ஒரு வாரம் காயவிட்டேன். செங்காவி நிறத்தில், தொட்டால் விரலில் ஒட்டுகிற துரு. ஆற்றுமணலோடு சரிபாதி கலந்து 4 அங்குல பிவிசி குழாயில் 3 அடிக்கு நிரப்பினேன். மேலே ஒரு கேன், அதிலிருந்து குளுக்கோஸ் ஏற்றுகிற டியூப். சிவலிங்கத்துக்கு மேல் தாரா பாத்திரம் சொட்டுகிற வேகத்தில் விட்டால் 40 உள்ளே போய் 5 வெளியே வருகிறது. அவசரப்பட்டுத் திறந்துவிட்டால் 20. மெதுவாகப் போனால்தான் பிடிக்கிறது.

மூன்று வாரம் இப்படியே ஓடியது. சித்திரைத் திருவிழா வந்தது. அழகர் ஆற்றில் இறங்குகிறதைப் பார்க்க மதுரைக்குப் போனவன், குழாயைத் தண்ணீரோடு அடைத்துவைத்துவிட்டுப் பத்து நாள் கழித்துத்தான் திரும்பினேன். திறந்தால் கருப்புத் தண்ணீர், அழுகிய முட்டை நாற்றம். அளந்தால் 60-க்கும் மேல்! உள்ளே விட்டதைவிட அதிகம். காற்றுப் புகாத இடத்தில் துரு இளகிக் கரைகிறது, பிடித்து வைத்திருந்த பாஸ்பேட்டையும் கைவிட்டுவிடுகிறது.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. ஊருணியின் அடிச்சேற்றில் நடப்பதும் இதேதான் என்று அப்போதுதான் உறைத்தது. வருஷக்கணக்காகப் படிந்த பாஸ்பேட், கோடையில் அடியில் காற்று தீர்ந்ததும் மேலே வருகிறது. கண்மாய், ஊருணி வற்றியதும் அடியில் படிந்த வண்டலை, அதாவது கரம்பை மண்ணை, வெட்டி வண்டியில் வயலுக்குக் கொண்டுபோவார்கள் என்று அப்பத்தா சொல்லியிருக்கிறார். வயலுக்கு உரம் சேர்ந்தது, தண்ணீரும் தப்பியது. எங்கள் ஊருணியில் கரம்பை வெட்டி எத்தனையோ வருஷமாகிறது.

இப்போது குழாயின் அடியில் பெரிய துளை போட்டிருக்கிறேன். காலையில் ஒரு கேன் சொட்டவிட்டு, முழுக்க வடியவிட்டு, சாயங்காலம்வரை வெறுமனே காற்றாட விடுகிறேன். வைகாசி முழுக்க 5-ஐத் தாண்டவில்லை. பிடிப்பு குறைந்ததும் அந்த மணலையும் துருவையும் வாழைக்குழியில் கொட்டலாம் என்றிருக்கிறேன்.

அம்மோனியம் இன்னும் அப்படியேதான் போகிறது. அது நேர்மின்னேற்றம், துருவுக்கு அகப்படாது. கரிசல் மண்ணின் களிக்கு அதைப் பிடிக்கிற குணம் உண்டு. திருமங்கலம் பக்கமிருந்து இரண்டு சட்டி கரிசல் கொண்டுவந்தேன், ஆனால் நனைந்ததும் உப்பிக் குழாயை அடைத்துக்கொண்டது. பத்துப் பங்கு மணலோடு கலந்து, குழாய்க்குப் பதிலாக அகலத் தொட்டியில் பரப்பியிருக்கிறேன். நேற்றுத்தான் முதல் கேன் ஊற்றினேன்; இன்னும் சொட்டிக்கொண்டிருக்கிறது.