அளவெட்டிக்குக் காது தந்த தவில்

எங்கள் பழைய மாணவர் சங்கத்தின் இந்த மலரில் அதிபர்களையும் ஆசிரியர்களையும் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் எழுத விரும்பியது யாழ்ப்பாணத்து மகாஜனாக் கல்லூரியில் ஒருநாளும் படிப்பிக்காத ஒருவரைப் பற்றி. அளவெட்டியிலிருந்து கல்லூரி இருந்த அம்பனைக்குச் சைக்கிளில் வந்த எங்கள் கூட்டத்துக்குச் சங்கீதம் கேட்கப் பழக்கியவர் அவர்: தவில் மேதை வி. தெட்சணாமூர்த்தி.

1933 இல் இணுவிலில், தவில்காரர் விசுவலிங்கத்தின் மகனாகப் பிறந்தவர். பிறகு அளவெட்டியில் குடியிருந்ததால் நாங்கள் அவரை எங்கள் ஊரவர் என்றே உரிமை கொண்டாடினோம். 'லயஞான குபேர பூபதி' என்ற பட்டத்தை அந்த நாளில் சின்னப் பிள்ளைகள்கூடத் தடக்காமல் சொல்லுவார்கள்.

திருவிழா இரவு என்றால் பூசை முடிந்து சுவாமி வெளிவீதி வரவே நடுச்சாமம் ஆகிவிடும். அன்றைய திருவிழாச் செலவை ஏற்ற உபயகாரருக்கு வசதி இருந்தால் இரண்டு மூன்று கூட்டம் மேளம் பிடித்திருப்பார். கச்சான் வாங்கிக் கொண்டு மணலில் குந்திவிட்டால் விடியும்வரை எழும்ப மாட்டோம். நாதஸ்வரம் ராகத்தை விரித்து முடித்து, பல்லவிக்குப் பிறகு தனித்தவிலுக்கு இடம் விடும். அப்போது கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாக முன்னுக்கு நகரும். பெண்கள் பக்கத்தில் நித்திரையாகக் கிடந்த பிள்ளைகளும் எழும்பிவிடுவார்கள்.

தவில் இலேசான வாத்தியம் அல்ல. பலாமரத்தைக் குடைந்த கூடு, இரண்டு பக்கமும் இறுகக் கட்டிய தோல், ஒரு கையில் கழி, மற்றக் கை விரல்களில் பசையிட்டு இறுக்கிய கூடுகள். பலம் மட்டும் உள்ளவன் அடித்தால் சத்தம்தான் வரும். தெட்சணாமூர்த்தி எவ்வளவு வேகமாகப் போனாலும் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகக் கேட்கும். நாலு நாலாக எண்ணும் சதுஸ்ரத்தில் போய்க்கொண்டிருப்பவர் திடீரென்று ஐந்து ஐந்தாக எண்ணும் கண்டத்துக்குத் திரும்புவார். அங்கிருந்து ஏழு எண்ணும் மிஸ்ரம், பிறகு எங்களுக்குப் பிடிபடாத ஏதோ ஒரு கணக்கு. நாங்கள் தொடையில் தாளம் போட்டுத் துரத்துவோம், பாதி வழியில் தவறவிடுவோம். முடிப்பாக வாசிக்கும் கோர்வை சரியாகப் பல்லவி தொடங்கும் எடுப்பில் வந்து விழும்போது வீதி முழுக்க ஒரு சத்தம் எழும்பும். அவர் நிமிர்ந்து பார்த்துச் சிரிப்பார்.

அந்தக் கூட்டத்தில் இருந்தவர்கள் யார்? பெரும்பாலும் புகையிலைத் தோட்டக்காரர், சுருட்டுக்காரர், கடைக்காரர், வாத்திமார். கச்சேரி மண்டபத்தை எட்டிப் பார்த்திராத ஆட்கள். ஆனால் ஒரு அட்சரம் பிசகினால் பக்கத்தில் இருப்பவருக்குத் தெரிந்துவிடும். இதையும் சொல்ல வேண்டும்: சாதி பார்த்து, கோயிலுக்குள் எல்லாரையும் விடாத காலம் அது. 1968 இல் பக்கத்து மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசப் போராட்டமே நடந்தது. வீதிக்கு அப்பால் நின்று இருட்டுக்குள் தாளம் போட்டவர்களும் அவருடைய ரசிகர்கள்தான். அந்த மனிதர்களை அங்கே நிற்க வைத்ததை நினைக்க இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அளவெட்டியில் அப்போது நாதஸ்வர மேதை என். கே. பத்மநாதன் இருந்தார், மகாகவி என்ற புனைபெயரில் எழுதிய கவிஞர் உருத்திரமூர்த்தி பிறந்ததும் அதே மண். இப்படி ஒரு சின்ன ஊருக்குள் இத்தனை பேர் இருப்பது ஒரு பெரிய விசயம் என்று அந்த வயதில் யாருக்குத் தெரியும்? வெளிநாட்டு மண்டபங்களில் எத்தனையோ கச்சேரி கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது.

1975 மே 13 இல் அவர் காலமானார். 42 வயதுகூட நிறையவில்லை. அடுத்த திருவிழாக்களிலும் நல்ல தவில்கள் ஒலித்தன, அவருடைய மகன் உதயசங்கரும் பின்னாளில் பெயர் பெற்றார். என்றாலும் அந்த வருடம் பெரியவர்கள் பலர் தனித்தவில் தொடங்கும்போது எழும்பி வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

இயக்குநர் அம்ஷன் குமார் அவரைப் பற்றி எடுத்த ஆவணப்படம் இந்தியாவின் தேசிய விருது பெற்றது. புதிய பிள்ளைகள் அவரை அறிய அது நல்ல வழி. ஆனால் அவருடைய வாசிப்பில் ஒலிப்பதிவாக மிஞ்சியது கொஞ்சம்தான். திருவிழாக்களில் சிலர் ஸ்பூல் ரேப்பில் பதிவு செய்ததை நான் கண்டிருக்கிறேன். இடம்பெயர்ந்து வந்த எங்கள் வீடுகளில், பழைய பெட்டிகளில், அப்படி ஒன்று யாரிடமாவது கிடக்கலாம். தேடிப் பாருங்கள். நாடா ஒட்டிப் போயிருந்தால் நீங்களாக ஓட விடாதீர்கள், அறுந்துவிடும். தெரிந்தவர்களிடம் கொடுத்துப் பிரதி எடுங்கள். எடுத்ததும் சங்கத்துக்குச் சொல்லுங்கள்.