எப்போது வீட்டுக்குப் போகிறீர்கள்?

2023 தீபாவளி ஒரு ஞாயிற்றுக்கிழமை, நவம்பர் 12. பாளையங்கோட்டையில் விடியற்காலை நாலு மணி என்றால் ப்ராக் நகரில் முந்தின இரவு பதினொன்றரை. சரியாக அந்த நேரத்துக்கு அம்மா போன் செய்தாள். "எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சாச்சா?" இங்கே இன்னும் சனிக்கிழமையே முடியவில்லை என்றேன். "அதெல்லாம் இருக்கட்டும், நல்லெண்ணெய் இருக்கா இல்லையா?" பக்கத்தில் யாரோ சரம் கொளுத்தினார்கள். அவள் பேசியதில் பாதி காதில் விழவில்லை. ஆனாலும் போனை வைக்க மனமில்லாமல் அந்த வெடிச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்து, காலரில் மஞ்சள் தடவிய புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு அடுக்களைக்கு வந்தேன். ரேடியோவில் செய்தி. முன்னாள் செக் வெளியுறவு அமைச்சர் கரெல் ஷ்வார்ஸென்பெர்க் வியன்னாவில் காலமானார், வயது 85. அதிரசத்தைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. நம் வீட்டுப் பெரியவர் ஒருவர் போன செய்தி பண்டிகை நாளில் வந்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

மேல்வீட்டு அம்மாளுக்கு வருஷா வருஷம் தீபாவளிப் பலகாரம் கொடுப்பேன். எண்பதைத் தாண்டியவர், தனியாக இருக்கிறார். செக் வீடுகளிலும் செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்பது இந்த நாட்டில் எனக்கு முதலில் பிடித்த விஷயம். அன்று அவர் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். திரையில் வில் டையும் வாயில் பைப்புமாக அந்த முகம். "எங்கள் க்னீஷெ போய்விட்டார்" என்றார். க்னீஷெ என்றால் இளவரசர். 1918-லேயே சட்டம் போட்டுப் பட்டங்களை ஒழித்துவிட்டார்கள், ஆனாலும் எல்லோருக்கும் அவர் க்னீஷெதான்.

அதிரசத்தை இரண்டாகப் பிட்டு, மேலே ஒட்டியிருந்த எள்ளை விரல் நுனியால் தொட்டுப் பார்த்தார். வாயில் போட்டுக்கொண்டு, "எங்கள் பெர்னீக் மாதிரி இருக்கிறது" என்றார். பெர்னீக் என்பது தேனும் மசாலாவும் சேர்த்து இவர்கள் கிறிஸ்துமஸுக்குச் செய்கிற ரொட்டிப் பலகாரம். எனக்கு மனசு குளிர்ந்துபோனது. அப்புறம் அதே அன்போடு, அதே புன்னகையோடு கேட்டார். "நீங்கள் எப்போது வீட்டுக்குப் போகிறீர்கள்?"

"இதோ, இரண்டு மாடி இறங்கினால் வீடு."

சிரித்துவிட்டார். "இல்லை, வீட்டுக்கு."

அவர் மேல் தப்பே கிடையாது. ஆனால் அந்தக் கேள்வி அன்று முழுக்க நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. பதினொரு வருஷம் ஆகிவிட்டது. ப்ராகின் ஷிஷ்கோவ் பகுதியில் வாடகை கட்டி, வரி கட்டி, மைனஸ் பத்துக் குளிரில் டிராமுக்கு நின்று பழகிவிட்டேன். டிசம்பர் 20 வாக்கில் தெருமுனைத் தொட்டிகளில் உயிர்க் கெண்டை வந்து இறங்கும்போது, மீன்காரரிடம் எது நல்ல மீன் என்று கைகாட்டத் தெரியும். அவர் செதில் உரசும் சத்தம் கேட்டால் மட்டும் ஊர் மீன் சந்தையும், அம்மா பைக்குள் சாம்பல் பொட்டலத்தோடு நிற்பதும் நினைவுக்கு வந்துவிடும். மற்றபடி இங்கே நன்றாகவே ஒட்டிக்கொண்டேன்.

நான் இந்த நாட்டுக்கு வந்தது 2012 இலையுதிர் காலத்தில். முதல் குளிர்காலமே தேர்தல். நாட்டு அதிபரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்த முதல் தேர்தல் அது, 2013 ஜனவரி. மொழி தெரியாமல் ஊரைப் பார்த்துக்கொண்டிருந்த என் கண்ணில் திரும்பிய பக்கமெல்லாம் ஒரு படம் பட்டது. எழுபத்தைந்து வயதுப் பெரியவர், தலையில் இளஞ்சிவப்பில் சேவல் கொண்டை மாதிரி முடி. கல்லூரிப் பிள்ளைகள் அந்தப் படத்தை பேட்ஜாகச் சட்டையில் குத்திக்கொண்டு டிராமில் ஏறினார்கள். வேட்பாளர் ஷ்வார்ஸென்பெர்க் என்றார்கள். யார் இவர் என்று விசாரிக்க ஆரம்பித்தேன். என் செக் மொழியே அப்படித்தான் வளர்ந்தது.

ஷ்வார்ஸென்பெர்க் குடும்பம், செக் நாட்டின் மேற்குப் பகுதியான பொஹீமியாவின் பெரிய பிரபுக் குடும்பங்களில் ஒன்று. வில்தாவா ஆற்றங்கரையில் ஓர்லீக் கோட்டை அவர்களுடையது. நாஜிகள் வந்த காலத்தில், நாங்கள் செக் மக்கள்தான் என்று பிரபுக்கள் சிலர் கொடுத்த அறிக்கையில் இவருடைய அப்பாவும் கையெழுத்துப் போட்டார். சொத்தை முதலில் நாஜிகள் எடுத்துக்கொண்டார்கள். 1948-இல் ஆட்சியைப் பிடித்த கம்யூனிஸ்டுகள் மறுபடி எடுத்துக்கொண்டார்கள். அந்த வருஷம் குடும்பம் ஆஸ்திரியாவுக்குப் போனது. அப்போது அவர் பத்துப் பதினொரு வயதுப் பையன்.

திரும்பி வந்தது கம்யூனிஸ்ட் ஆட்சி கவிழ்ந்த 1989 புரட்சிக்குப் பிறகு, ஐம்பத்திரண்டு வயதில். நடுவில் நாற்பது வருஷத்துக்கு மேல். அந்த நாற்பது வருஷமும் அவர் ஊரை விடவில்லை என்பதுதான் என்னை உலுக்கிய விஷயம். 1984 முதல் வியன்னாவில் சர்வதேச ஹெல்சிங்கி மனித உரிமைக் கூட்டமைப்பின் தலைவர். பவேரியாவில் இருந்த குடும்பக் கோட்டையில், செக்கோஸ்லோவாக்கியாவில் தடை செய்யப்பட்ட எழுத்துக்களைச் சேர்த்துப் பாதுகாக்க இடம் கொடுத்தார். ஊரில் அச்சடிக்க முடியாமல் கார்பன் தாள் வைத்துத் தட்டச்சு செய்து கைமாறிய பக்கங்கள் அங்கே பத்திரமாகக் கிடந்தன. ஊரை விட்டுப் போனவன் ஊருக்காக என்ன செய்ய முடியும் என்று யாராவது என்னிடம் கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

திரும்பி வந்ததும் அதிபர் வாட்ஸ்லாவ் ஹவெலின் அலுவலகத் தலைவர் ஆனார். 2004-இல் செனட்டர். 2007 முதல் 2009 வரை பசுமைக் கட்சி முன்மொழிந்து வெளியுறவு அமைச்சர். 2009-இல் மிரொஸ்லாவ் கலோவ்செக்கோடு சேர்ந்து டாப் 09 என்று சொந்தக் கட்சி தொடங்கினார். மரபு, பொறுப்பு, வளம் என்ற மூன்று செக் சொற்களின் முதலெழுத்துதான் அந்த டாப். மறுவருஷமே 16.7 சதவீத ஓட்டும், 200-இல் 41 இடமும். மறுபடி வெளியுறவு அமைச்சர், கூடவே முதல் துணைப் பிரதமர். சபையில் தூங்கி வழிகிறார் என்று எல்லோரும் கேலி செய்தார்கள். அசட்டுப் பேச்சைக் கேட்டால் தூக்கம் வருகிறது என்று கட்சி விளம்பரத்திலேயே போட்டுக்கொண்டார். அந்த மனசு எனக்குப் பிடித்திருந்தது.

அவர் பேச்சுதான் கஷ்டம். வாய்க்குள்ளேயே சொற்களை மெல்லுவார், அதுவும் பழைய காலத்துச் செக். அவரைக் கேட்டு மொழி படிக்காதே என்று என் வகுப்பு ஆசிரியை எச்சரித்தார். எனக்கு இலக்கணம் பயமாக இல்லை. செக்கில் ஏழு வேற்றுமை. எட்டு வேற்றுமையைப் பள்ளியில் மனப்பாடம் செய்தவனுக்கு ஏழு என்ன பெரிது? அதிலும் ஐந்தாம் வேற்றுமை நம் விளிவேற்றுமையேதான். கரெலைக் கூப்பிட்டால் கர்லெ, யான் என்பவரைக் கூப்பிட்டால் யானெ. நாம் கண்ணனைக் கண்ணா என்று கூப்பிடுகிற மாதிரி. வகுப்பில் இதைக் கேட்டதும் எழுந்து நின்று கைதட்ட வேண்டும் போல் இருந்தது.

அந்தத் தேர்தலில் அவர் தோற்றார். மிலோஷ் ஸெமானுக்கு 54.8 சதவீதம், இவருக்கு 45.2. தோற்றதுகூடப் பெரிதில்லை, தோற்கடித்த விதம்தான் ஆறவில்லை. 1945-க்குப் பிறகு ஜெர்மானியர்களை நாட்டை விட்டுத் துரத்தியதை இன்றைய கண்ணால் பார்த்தால் பெரிய மனித உரிமை மீறல், அதிபர் பெனெஷ் உட்பட அன்றைய அரசு ஹேக் நீதிமன்றத்தில் நின்றிருக்கும் என்று டிவி விவாதத்தில் சொல்லிவிட்டார். அவ்வளவுதான். சுதேத்திய ஜெர்மானியன், அதாவது அப்படித் துரத்தப்பட்டவர்களில் ஒருவன் போலப் பேசுகிறார் என்றார் ஸெமான். மனைவிக்கு ஜெர்மன்தான் தெரியும், செக் தெரியாது என்று ஒரு பேச்சு. இத்தனை வருஷம் வெளியே இருந்தவர், நம்மவரே இல்லை என்று இன்னொரு பேச்சு. சிறுவனாக இருந்தபோது துரத்திவிட்டு, முதியவராக வந்தபோது ஏன் போனாய் என்று கேட்கிறார்களே என்று, ஓட்டுரிமையே இல்லாத எனக்குத் தொண்டை அடைத்தது.

ஊருக்குப் போகும்போதெல்லாம் எனக்கு நடப்பதும் அதுதான். ஆட்டோவிலிருந்து பெட்டியை இறக்கும் முன்பே தெருவில் ஒரு குரல் வரும். "எப்பம்டே வந்தே? எப்பம் கெளம்புதே?" இரண்டு கேள்விக்கும் நடுவில் மூச்சு விடக்கூட இடம் இருக்காது. போன தடவை டீக்கடையில் சித்தப்பா மகன், "ஒம் பேச்சு மாறிப்போச்சுல, ஊர்ப் பேச்சு எங்க போச்சு?" என்றான். அன்று பொழுது சாய குறுக்குத்துறைப் படித்துறையில் தாமிரபரணியில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இங்கே போகிறீர்களா என்கிறார்கள், அங்கே போகிறாயா என்கிறார்கள்.

டிசம்பர் முதல் வாரம் மேல்வீட்டு அம்மாள் கதவைத் தட்டினார். ப்ராகின் பழைய பகுதியான மாலா ஸ்த்ரானாவில், மால்டா சபை என்ற கத்தோலிக்கத் துறவு சபையின் பழைய தேவாலயத்தில் க்னீஷெயின் உடலை மக்கள் பார்வைக்கு வைத்திருக்கிறார்கள். தனியாகப் போக முடியாது, கூட வருவீர்களா? 9-ஆம் எண் டிராமில் போய், உயெஸ்த் நிறுத்தத்தில் இறங்கி, கையைப் பிடித்து மெல்ல நடந்தோம். சந்து முழுக்க வரிசை. மாணவர்கள், கைக்குழந்தைக்காரர்கள், கோல் ஊன்றியவர்கள். யாரும் சத்தமாகப் பேசவில்லை.

வரிசையில் நிற்கும்போது சொன்னார். "2013-இல் நான் இவருக்கு ஓட்டுப் போடவில்லை."

எல்லைப்புறத்தில் இருந்த அவர் அப்பாவின் வீடு, 1945-க்குப் பிறகு ஜெர்மானியர் விட்டுப்போன வீடாம். இவர் ஜெயித்தால் வீட்டைக் கேட்டு அவர்கள் வந்துவிடுவார்கள் என்று ஊரே பயந்ததாம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "என் தம்பி 1968-இல் சோவியத் டாங்கிகள் வந்தபோது போனான். 1990-இல் திரும்பி வந்தான். இருபது வருஷத்துக்கு முந்தைய வார்த்தைகளிலேயே பேசினான். நாங்கள் சிரித்தோம். மூன்று வாரத்தில் கிளம்பிப் போய்விட்டான். அங்கேயே இறந்தான்." கையுறையைக் கழற்றி மூக்கைத் துடைத்துக்கொண்டார். "எப்போது திரும்பிப் போகிறாய் என்று அவனிடம் கேட்டது நான்தான்."

பெட்டியின் முன்னால் ஒரு நிமிஷம்கூட நிற்க முடியவில்லை, பின்னால் அத்தனை பேர். அவர் தலையைக் குனிந்து, "ப்ரோமின்தெ" என்றார். மன்னியுங்கள் என்று அர்த்தம். நான் கைகூப்பினேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

திரும்பி வரும்போது இருட்டிவிட்டது. படியேறி என் வாசலில் மூச்சு வாங்க நின்றார். இத்தனை வருஷமும் அவர் என்னைக் கூப்பிட்டது "பானெ இன்ஷெனீரெ", அதாவது இன்ஜினியர் ஐயா. அன்று கதவில் இருந்த பெயர்ப்பலகை மேல் விரலை வைத்து எழுத்தெழுத்தாக வாசித்தார். உதடு அசைந்தது. செக்காரர்கள் பெரும்பாலும் எந்தப் பெயரையும் வேற்றுமை உருபு போடாமல் கூப்பிட மாட்டார்கள். அவரும் போட்டுக்கொண்டார்.

"தொப்ரோ நோட்ஸ், முருகனே."

சாவி கையிலேயே இருந்தது. இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று கேட்டேன்.