இரண்டு என்று எழுதினால் ஒன்றுக்கு அடி விழுமா?

போன ஆனி மாதம் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்க, காவேரிப்பட்டணம் பக்கம் இருக்கும் எங்கள் ஊரில் சொந்தக்காரர்கள் எல்லாரும் கூடியிருந்தோம். தருமபுரி கோர்ட்டில் வக்கீலாக இருக்கும் சித்தப்பாவும் வந்திருந்தார். திண்ணையில் பேச்சு எங்கெங்கோ சுற்றி கடைசியில் பார் கவுன்சில், அதாவது வக்கீல்களை ஒழுங்குபடுத்தும் அமைப்புக்கு வக்கீல்களே ஓட்டுப் போடும் தேர்தலில் வந்து நின்றது. அதில் நம் சட்டமன்றத் தேர்தல் மாதிரி ஒரு ஆளுக்குக் குத்திவிட்டு வர முடியாது, பெயர்களுக்கு எதிரே 1, 2, 3 என்று வரிசையாக எண் போட வேண்டும். விகிதாசாரப் பிரதிநிதித்துவம் (ஓட்டின் விகிதத்துக்கு ஏற்ப இடம்), ஒற்றை மாற்று வாக்கு (ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு நகரக்கூடிய ஒரே ஓட்டு) என்று 1961ஆம் வருடத்து வழக்கறிஞர்கள் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். சித்தப்பா சொன்னார், "எத்தனை குறைவா எண் போட முடியுமோ அத்தனை குறைவாத்தான் போடுவேன். ரெண்டுன்னு இன்னொருத்தருக்கு எழுதினா, நம்ம ஒண்ணுக்குத்தானே அடி விழும்?"

இருபது வருடத்துக்கு மேல் வழக்கு நடத்தியவர். அவரே இப்படி நினைக்கிறார் என்றால் மற்றவர்கள் எப்படி நினைப்பார்கள் என்று எனக்கு மனசு கேட்கவில்லை. நான் கணக்கு டீச்சர், இந்த எண்ணிக்கை முறையின் மேல் எனக்குப் பல வருடமாகவே ஒரு பிடிப்பு உண்டு. அவர் சொன்னது தப்பு, முழுக்கத் தப்பு. ஆனால் வாயால் சொன்னால் நம்ப மாட்டார், எண்ணிக் காட்டினால்தான் நம்புவார்.

அதற்கு வாகாக வீட்டில் ஒரு தகராறும் ஓடிக்கொண்டிருந்தது. கிருஷ்ணகிரி மண்டியிலிருந்து குட்டி யானையில் மாம்பழம் இறக்குவதாகப் பேச்சு, மூன்று ரகம் என்றால் பெட்டிக் கணக்கில் விலை போட்டுத் தருவதாக மண்டிக்காரர் சொல்லியிருந்தார், எந்த மூன்று என்பதில்தான் சண்டை. சரி, ஓட்டே போட்டுவிடலாம் என்றேன். போட்டியில் அல்போன்சா, மல்கோவா, செந்தூரா, பெங்களூரா, நீலம். பழைய கணக்கு நோட்டைக் கிழித்து 40 சீட்டு. வேட்பாளருக்கு ஒன்றாக ஐந்து தாம்பாளம்.

ஒரு சீட்டு செல்லாமல் போனது, பெரியப்பா பேரன் எண் போடாமல் பெங்களூராவுக்கு டிக் அடித்து வைத்திருந்தான். 1 என்ற எண் இல்லாத சீட்டு நிஜத் தேர்தலிலும் செல்லாது, இரண்டு பேருக்கு 1 போட்டாலும் செல்லாது. மீதி 39. முதலில் 1 எங்கே விழுந்திருக்கிறது என்று மட்டும் பார்த்துப் பிரித்தோம். அல்போன்சா 17, மல்கோவா 8, பெங்களூரா 6, செந்தூரா 5, நீலம் 3. நம் வழக்கமான கண்ணுக்கு முடிவு தெரிந்துவிட்டது, அல்போன்சா, மல்கோவா, பெங்களூரா, அவ்வளவுதான், வண்டிக்குச் சொல்லிவிடலாம். அப்படித்தான் மாமா போனை எடுத்தார். இருங்க மாமா, இன்னும் எண்ணவே ஆரம்பிக்கவில்லை என்றேன்.

ஜெயிக்க எத்தனை ஓட்டு வேண்டும் என்பதுதான் முதல் வேலை. அதைக் கோட்டா என்பார்கள். மொத்த ஓட்டை, இடங்களின் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டி வரும் எண்ணால் வகுத்து, மீதியை விட்டுவிட்டு, விடையோடு 1 கூட்ட வேண்டும். மூன்று இடத்துக்கு ஏன் நான்கால் வகுக்கிறோம் என்றால், அந்த அளவை மூன்று பேர் தொட முடியும், நாலாவது ஆள் எந்த விதத்திலும் தொட முடியாது, அந்த மாதிரி மிகச் சிறிய எண் அதுதான். இந்தியாவில் ஒன்றுக்கு மேற்பட்ட இடத்துக்கு நடக்கும் மாநிலங்களவைத் தேர்தலில் ஒவ்வொரு சீட்டுக்கும் 100 என்று மதிப்பு வைக்கிறார்கள், பின்னால் ஓட்டைப் பிரிக்கும்போது பின்னத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம் என்பதற்காக. நாங்களும் அப்படியே வைத்தோம். 3900ஐ 4ஆல் வகுத்தால் 975, கூட ஒன்று, கோட்டா 976.

மாநிலங்களவைத் தேர்தல் வந்தால் "ஒரு எம்.பி.க்கு 34 எம்.எல்.ஏ. ஆதரவு தேவை" என்று செய்தியில் வருமே, அது இதே கணக்குதான். 234 பேர், 6 இடம். 23400ஐ 7ஆல் வகுத்து ஒன்று கூட்டினால் 3343. 33 பேர் என்றால் 3300, 43 குறைகிறது, அதனால் 34. நம் தருமபுரி மாவட்டத்து 5 எம்.எல்.ஏ.க்களும் கிருஷ்ணகிரி மாவட்டத்து 6 எம்.எல்.ஏ.க்களும் ஒரே ஆளுக்கு 1 போட்டாலும் 1100தான், கோட்டாவில் மூன்றில் ஒரு பங்குக்குக்கூடக் கொஞ்சம் குறைச்சல். ஆனால் 34 என்பது முதல் எண்ணிக்கையிலேயே ஜெயிப்பதற்கான அளவு, அது இல்லாவிட்டால் தோல்வி என்று அர்த்தமில்லை. 2013இல் 6 இடத்துக்கு 7 பேர் நின்றார்கள். கனிமொழிக்கு விழுந்தது 31, தே.மு.தி.க.வின் இளங்கோவனுக்கு 22. 34 இல்லாமலே கனிமொழி ஜெயித்தார்.

மாம்பழத்துக்கு வருவோம். அல்போன்சாவிடம் 1700 இருக்கிறது, வேண்டியது 976. ஜெயித்தாயிற்று, கையில் உபரி 724. நம் ஊர்த் தேர்தலில் இந்த 724 சும்மா கிடக்கும், லட்சம் ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார் என்று தட்டி வைப்பதோடு சரி. இங்கே அப்படி விடுவதில்லை, அந்த உபரியை ஓட்டுப் போட்டவர்களிடமே திருப்பிக் கொடுத்து, உங்கள் அடுத்த விருப்பம் யார் என்று கேட்கிறார்கள். அல்போன்சா தாம்பாளத்தில் இருந்த 17 சீட்டையும் திருப்பி 2 யாருக்கு என்று பார்த்தோம். இரண்டு சீட்டில் 1ஐத் தவிர வேறு எதுவுமே இல்லை. அந்த இரண்டையும் தனியாக எடுத்து வெற்றிலைத் தட்டில் வைத்தேன், அவற்றின் பயணம் அதோடு முடிந்தது. மீதி 15. உபரி 724ஐ 15ஆல் வகுத்தால் 48, தசமத்தை விட்டுவிட வேண்டும். ஒவ்வொரு சீட்டின் பின்னாலும் பென்சிலால் 48 என்று எழுதி அடுத்த தாம்பாளத்துக்கு மாற்றினேன். மல்கோவாவுக்கு 3, பெங்களூராவுக்கு 4, செந்தூராவுக்கு 8. நீலத்துக்கு ஒன்றும் இல்லை.

இப்போது மல்கோவா 944, செந்தூரா 884, பெங்களூரா 792, நீலம் 300. யாரும் 976ஐத் தொடவில்லை. உபரியும் தீர்ந்தது. அப்படியானால் கடைசியில் இருப்பவரை வெளியே அனுப்ப வேண்டும். நீலம் வெளியே. அதன் மூன்று சீட்டும் முழு 100 மதிப்போடு அடுத்த விருப்பத்துக்குப் போகும், ஏனென்றால் அந்த மூன்று பேரின் ஓட்டு இதுவரை யாரையும் ஜெயிக்க வைக்கவில்லை, ஒரு பைசாகூடச் செலவாகவில்லை. இரண்டு பெங்களூராவுக்கு, ஒன்று செந்தூராவுக்கு. பெங்களூரா 992, செந்தூரா 984, இரண்டும் கோட்டாவைத் தாண்டின. மல்கோவா 944இலேயே நின்றுவிட்டது.

திண்ணையே அமைதியாகிவிட்டது. முதல் எண்ணிக்கையில் இரண்டாவதாக இருந்த மல்கோவா தோற்று, நாலாவதாக இருந்த செந்தூரா ஜெயித்துவிட்டது. இது அநியாயம் என்று பெரியம்மா சத்தம் போட்டார். நான் அநியாயம் என்று நினைக்கவில்லை. செந்தூராவை முதலில் எழுதியவர்கள் 5 பேர்தான், ஆனால் அல்போன்சாக்காரர்களில் பாதிக்குப் பாதி பேர் அடுத்து அதைத்தான் எழுதியிருந்தார்கள், அந்த விருப்பத்துக்கும் ஒரு கணக்கு இருக்க வேண்டுமல்லவா.

அப்புறம்தான் அந்த வெற்றிலைத் தட்டுச் சீட்டு இரண்டையும் கையில் எடுத்து, இது யாருடையது என்று கேட்டேன். ஒன்று சித்தப்பாவுடையது. இன்னொன்று, சத்தம் போட்ட அதே பெரியம்மாவுடையது. இரண்டு பேருக்கும் அல்போன்சாவுக்கு அடுத்து பிடித்தது மல்கோவா. பிள்ளைகள் கேட்கிறார்களே, அல்போன்சா எப்படியாவது வந்துவிட வேண்டும் என்று 1 போட்டுவிட்டு, 2 எழுதினால் அதற்குக் கெடுதல் என்று மீதியைக் காலியாக விட்டிருக்கிறார்கள்.

"சரி சித்தப்பா, இப்ப அந்த ரெண்டு சீட்டிலும் மல்கோவாவுக்கு 2, செந்தூராவுக்கு 3 போடுங்க" என்று பேனாவைக் கொடுத்தேன். வேறு எதையும் மாற்றவில்லை. மறுபடி எண்ணினோம். அல்போன்சாவின் உபரி அதே 724. அதை இப்போது 17 சீட்டு பங்கு போட்டுக்கொள்கிறது, சீட்டுக்கு 42. மல்கோவாவுக்கு 5 சீட்டு வருகிறது, 210. ஏற்கெனவே இருந்த 800ஓடு சேர்த்து 1010. ஜெயித்துவிட்டது! செந்தூரா 836, பெங்களூரா 768, நீலம் 300. மல்கோவாவுக்கும் இப்போது 34 உபரி. கடைசியாக வந்து கோட்டாவைத் தாண்ட வைத்த அந்த 5 சீட்டை மட்டும் எடுத்து சீட்டுக்கு 6 என்று பிரித்தோம், செந்தூராவுக்கு 3 சீட்டு, பெங்களூராவுக்கு 2 சீட்டு. அப்புறம் நீலம் வெளியே, அதன் மூன்று சீட்டும் முன்பு போன இடத்துக்கே போயின. பெங்களூரா 980, உள்ளே வந்தது. செந்தூரா 954, தோற்றது.

இரண்டு சீட்டில் 2 என்ற ஒரு எண். அது இல்லாதபோது மல்கோவா இல்லை, அது வந்தபோது மல்கோவா ஜெயித்தது. அல்போன்சாவுக்கு இரண்டு தடவையும் ஒரு கீறல்கூட விழவில்லை. விழவும் விழாது. உங்கள் 1 ஜெயித்த பிறகோ, தோற்று வெளியே போன பிறகோதான் உங்கள் 2ஐ யாராவது திரும்பிப் பார்ப்பார்கள். அதுவரை அந்த எண் சீட்டில் தூங்கிக்கொண்டிருக்கும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும், சித்தப்பா காலியாக விட்ட பங்கு எங்கும் காணாமல் போகவில்லை, மற்ற 15 பேரின் சீட்டு 42க்குப் பதில் 48 ஆனது அதனால்தான். அவர் விட்டுக்கொடுத்ததைச் செந்தூராக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

கட்சிகளுக்கு இது நன்றாகத் தெரியும். மாநிலங்களவைத் தேர்தலில் எந்த எம்.எல்.ஏ. யாருக்கு 1, யாருக்கு 2 என்று பங்கு போட்டே அனுப்புவார்கள். 2003இல் சட்டம் திருத்தியதிலிருந்து, ஓட்டைக் கட்சியின் ஏஜெண்டிடம் காட்டிவிட்டுத்தான் பெட்டியில் போட வேண்டும், அதனால் பங்கு பிசகாது. இரண்டாவது எண்ணின் அருமை தெரியாமல் இருப்பது நம்மைப் போன்றவர்களுக்குத்தான் என்பதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு.

மாமா ஒரு நல்ல கேள்வி கேட்டார், ஜனாதிபதி தேர்தலிலும் இப்படித்தானே என்று. எண் போடுவது ஒன்றுதான், ஆனால் அங்கே இடம் ஒன்றே ஒன்று. உபரிக்கு வேலையே இல்லை, பாதிக்கு மேல் யாருக்கும் வரும்வரை கடைசி ஆளை வெளியே அனுப்பிக்கொண்டே இருப்பார்கள். அரசியல் சாசனம் அதையும் விகிதாசாரம் என்றுதான் சொல்கிறது, என் பார்வையில் ஒரு இடத்தில் விகிதத்துக்கு இடமில்லை. 1969இல் வி.வி.கிரிக்கு முதல் எண்ணிக்கையில் 4,01,515, வேண்டியதோ 4,18,169. தோற்றவர்களின் அடுத்த விருப்பங்கள் வந்து சேர்ந்து 4,20,077 ஆன பிறகுதான் நீலம் சஞ்சீவ ரெட்டியை ஜெயித்தார். இலங்கைச் செய்திகளில் வரும் விருப்பு வாக்கையும் இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அங்கே நாடாளுமன்றத் தேர்தலில் முதலில் கட்சிக்கு ஓட்டு, அந்த விகிதத்தில் கட்சிக்கு இடம், அப்புறம் அதே கட்சிப் பட்டியலில் மூன்று பேர் வரை குறித்த விருப்பு வாக்கை வைத்து யார் உள்ளே போவது என்று முடிவு. சீட்டு ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு நகர்வதில்லை.

பழம், சீட்டைத் திருத்துவதற்கு முன் எண்ணி வந்த முடிவுப்படியே வந்தது, அல்போன்சா, பெங்களூரா, செந்தூரா. அறிவித்த முடிவை மாற்ற முடியாது என்று நான் சொல்லிவிட்டேன். சின்னப் பிள்ளைகள் பெங்களூராவைக் கீறி உப்பு மிளகாய்த்தூள் தடவிக்கொண்டிருந்தார்கள். சித்தப்பா மட்டும் நான் கணக்கு எழுதிய தாளை வாங்கி வைத்துக்கொண்டு மேலும் கீழும் பார்த்துக்கொண்டிருந்தார். தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சிலுக்கு 25 பேரைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அதனால் 26ஆல் வகுக்க வேண்டும் என்று தாளின் ஓரத்தில் அவரே போட்டுப் பார்த்தார். நூற்றுக்கு நாலுகூட வேண்டாம். ஆனால் தருமபுரி, கிருஷ்ணகிரி கோர்ட்டு ஓட்டுகளை மட்டும் நம்பி அதைத் தொடுவது கஷ்டம் என்றார், ஒவ்வொரு தடவையும் சேலத்திலும் ஈரோட்டிலும் உள்ள நண்பர்களிடம் எங்கள் ஆளுக்கு 1 போடுங்கள் என்று கெஞ்சி, அவர்கள் சங்கடப்பட்டு மழுப்பி, பேச்சே நின்றுபோயிருக்கிறது.

சாயங்காலம் வண்டியில் ஏறும் முன் வேப்பமரத்தடியில் நின்று யாருக்கோ போனில் சொல்லிக்கொண்டிருந்தார். "ஒண்ணு உங்க ஊர்க்காரருக்கே போடுங்க, அதை நான் கேட்கவே இல்லை. மூணோ நாலோ எங்க ஆளுக்கு வந்தாப் போதும்."