தாளவாடி லோடும் நம்ம பழைய பிக்கப்பும்

பிக்கப்புக்கு எட்டு வருசம் தாண்டிருச்சுங்க. இனி வருசா வருசம் எஃப்.சி.ங்கற தகுதிச் சான்றுக்கு வண்டியக் காட்டோணும். எஞ்சினு கல்லாட்டம் இருக்குது. பொட்டாசு உர மூட்டையும் ஈரக் கோசும் ஏத்தி ஏத்தி பின்னால தகரந்தான் இத்துப்போச்சு.

மார்கழிக் குளுருல டீசல் எஞ்சின சூடாக்கற ஹீட்டரோட லைட்டு அணையற வரைக்கும் சித்த பொறுத்து சாவி திருகோணும். பையன் எங்க பொறுக்கறான்? கர்ருகர்ருனு திருகி பேட்டரிய உக்கார வெச்சர்றான்.

திம்பம் மலைப்பாதைல 27 கொண்டை ஊசி வளைவு. ஏறறதுகூடப் பரவால்ல, லோடோட இறங்கறதுதான் வேலை. பிரேக்க மிதிச்சுட்டே வந்தா டிரம்மு சூடேறி அப்பறம் புடிக்கவே புடிக்காது. ஏறுன கியர்லயே இறங்குடா, எஞ்சினே இழுத்துப் புடிச்சுக்கும்னா, "பின்னால லாரிக்காரன் ஆரன் அடிக்கறானுங்கப்பா"ங்கறான். அடிக்கட்டும், அவனுக்கும் அதே கியருதானுங்க!

பாரந்தாங்கற பின்பட்டை ஸ்பிரிங்கு ஒருபக்கம் படுத்துருச்சு. ஒத்தப் பட்டை போட்டாப் போதும்னு நாலு பேரு சொல்றாங்க. பழசுக்கு நடுவுல புதுசு ஒண்ணு சொருகுனா பாரம் சரியாப் பிரியாது. சத்தியமங்கலத்து பட்டறைக்கார அண்ணன் ரெண்டு பக்கமும் செட்டோட மாத்தச் சொல்றாரு, அதான் சரி. காசுதான் கடிக்குது.

சனி, ஞாயிறு வண்டி பட்டறைல நிக்கும். கோசு வெட்டறவங்க திங்கக்கெழமைக்கு மேல கூப்புடுங்க சாமி.