முத்திரை இல்லாத ஒரு கடிதம்

"மேடம், இதில் ஸ்கூல் சீல் இல்லையே" என்று கவுண்டரில் இருந்தவர் கடிதத்தைத் திருப்பித் தந்துவிட்டார். மகளுக்குக் கற்றல் குறைபாட்டுச் சான்றிதழ் வாங்க, அவளுக்கு லீவு போட்டு, டெல்லி மயூர் விஹாரிலிருந்து காலை ஆறரைக்கே கிளம்பி, மூன்றாவது தடவையாக ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தோம். முதல் தடவை கண், காது பரிசோதனைச் சீட்டு இல்லை. இரண்டாம் தடவை டாக்டர் லீவு. பார்வையும் காது கேட்பதும் சரியாக இருக்கிறதா என்று உறுதி செய்த பிறகே கற்றல் குறைபாட்டுச் சோதனை செய்ய வேண்டும், அது நியாயம். அதை முதல் நாளே ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கலாம். போகிறவர்கள் இந்தச் சீட்டுகள், சீல் வைத்த பள்ளிக் கடிதம், பிள்ளையின் கணக்கு நோட்டு எல்லாவற்றையும் ஜெராக்ஸோடு கொண்டு போங்கள்.

ஐக்யூ சோதனையும், பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை உருவாக்கிய கற்றல் குறைபாட்டுச் சோதனையும் சிக்கலில்லாமல் முடிந்தன. டிஸ்கால்குலியா என்றார்கள், அதாவது எண்களையும் கணக்கையும் புரிந்துகொள்வதில் வரும் கற்றல் குறைபாடு.

சான்றிதழ் அவசியம்தான். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் டிஸ்கால்குலியா பெயர் சொல்லியே இருக்கிறது. சிபிஎஸ்இ பொதுத்தேர்வில் மணிக்கு 20 நிமிடம் கூடுதலாகக் கிடைக்கும், கால்குலேட்டருக்கும் அனுமதி கேட்கலாம். ஆனால் என் மகள் படிப்பது நாலாம் வகுப்பு. "சர்டிபிகேட் வரட்டும், அப்புறம் ஸ்பெஷல் எஜுகேட்டரிடம் விடுகிறோம்" என்று பள்ளியில் சொன்னதை நம்பி எட்டு மாதம் சும்மா இருந்துவிட்டேன். அதுதான் இன்னும் ஆறவில்லை. கடைசியில் கிடைத்தது வாரம் ஒரு பீரியட், ஒன்பது பிள்ளைகள், வகுப்பில் கொடுத்த அதே ஒர்க்‌ஷீட். வாரத்தில் எத்தனை நாள், ஒரு வேளைக்கு எத்தனை பிள்ளைகள், எதை வைத்துச் சொல்லித் தருவீர்கள் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். காகிதத்துக்காகக் காத்திருக்க வேண்டாம்.

இப்போது பக்கத்துத் தெருவில் ஒரு டீச்சர். வாரம் நாலு நாள், நாற்பது நிமிடம், இரண்டே பிள்ளைகள். முதல் மாதம் நோட்டையே திறக்கவில்லை. தீக்குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டுவதுதான் வேலை. விரல் விட்டு எண்ணினால் தடுப்பதில்லை.

இந்தியில் 59 'உன்சட்', 69 'உன்ஹத்தர்'. ஒவ்வொன்றையும் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கிறது. வீட்டில் தமிழிலேயே எண்ணச் சொல்லுங்கள் என்றார் டீச்சர். ஐம்பத்தொன்பது என்றால் ஐம்பதும் ஒன்பதும் காதிலேயே விழுந்துவிடுகிறதே! தொண்ணூறில்தான் மாட்டிக்கொண்டாள். அதில் நூறு கேட்பதால் தொண்ணூற்று மூன்றை 103 என்று எழுதுவாள். நான் திருத்தத் திருத்த அழுகைதான் மிச்சம்.

போன வாரம் சாப்பாட்டு மேசையில் அவளே ஒன்பது கட்டுகளை வரிசையாக வைத்தாள், பக்கத்தில் மூன்று குச்சி. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நூறுக்குப் பத்தாவது கட்டு இன்னும் வரலையேம்மா" என்றாள். 93 என்று எழுதினாள். நான் ஒன்றும் சொல்லவில்லை.