மழையில் ஒரு வெள்ளை கிட்டார்

ராத்திரி தூக்கம் வராமல் பழைய கறுப்பு வெள்ளை வீடியோ ஒன்றை நாலாவது தடவையாகப் பார்த்தேன். 1964, மான்செஸ்டர். மூடிப்போன ஒரு ரயில் ஸ்டேஷன். ஒரு பிளாட்பாரத்தில் கூட்டம், எதிர் பிளாட்பாரத்தில் மேடை. மழை ஈரம். கோட் போட்டுக்கொண்டு, ஐம்பதை நெருங்கும் ஒரு அம்மா வந்து வெள்ளை கிப்சன் எலெக்ட்ரிக் கிட்டாரை மாட்டுகிறார். பாட்டும் மழையைப் பற்றியதுதான், நோவா காலத்து மழை!

சிஸ்டர் ரோசெட்டா தார்ப், கிறிஸ்தவ பக்திப் பாட்டுப் பாடகி. அமெரிக்காவின் அர்கன்சாவில் பிறந்தவர். அம்மா ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் செய்தவர். கைதட்டலும் தம்புரினும் அதிரும் பெந்தெகொஸ்தே சபையில் வளர்ந்த விரல்கள் அவை. ஒரு வரி பாடுவார், அடுத்த வரியைக் கிட்டார் பாடும். பிரசங்கியாருக்குச் சபை 'ஆமென்' சொல்வது மாதிரி. நடுவில் கம்பியை இழுத்து ஒரு சோலோ வேறு. இதைத்தானே பிற்பாடு ராக் அண்ட் ரோல் என்றார்கள்?

1938லேயே இரவு விடுதியில் தேவனைப் பாடி, சபையாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர். சிறுவயதில் தனக்குப் பிடித்த பாடகி இவர்தான் என்று அமெரிக்கப் பாடகர் ஜானி கேஷ் சொன்னார். ராக் இசைக்காரர்களைக் கௌரவிக்கும் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் இடம் கிடைத்தது 2018இல். இறந்து 45 வருஷம் கழித்து. சீக்கிரம்தான், இல்லையா!

சரி, ஐந்தாவது தடவை பார்க்கப் போகிறேன்.